கஞ்சி போட்ட ஸ்வெட்டர்

கழுத்தோரத்தில் அது புதுப்பாய் உரசுவதுபோல உரசியது. கையை மடக்கினால் முழங்கைப் பக்கம் நறநறவென்று ஏதோ நொறுங்கியது. வியர்வை பட்டதும் பழைய சோற்றுப் பானையைத் திறந்தாற்போல ஒரு புளித்த வாடை மேலே எழுந்து வந்தது. அக்னி நட்சத்திர வெயிலில், நகரியில், விசைத்தறிச் சத்தத்தின் நடுவே, கருநீல முழுக்கை ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்தபடி ஒரு சிறுமி நிற்பதை நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அந்தச் சிறுமி நான்தான். பருத்தி நூலுக்குக் கஞ்சி போட்டு அதில் ஸ்வெட்டர் பின்னலாம் என்று நம்பிய குடும்பம் இந்தப் பூமியில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். நம்பியது குடும்பம் முழுவதும். அதற்கான பலனை அனுபவித்தது என் தேவகி அத்தை ஒருத்தி.

அத்தை என் நைனாவின் தங்கை. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டின் பின்கட்டில் நைனாவுக்கு நான்கு தறிகள் இருந்தன. லுங்கியும் துண்டும் ஓடிக்கொண்டிருக்கும். தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றி, இப்படியும் அப்படியும் பாய்கிற நாடாக் கட்டைக்குள் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நூல் சுற்றிய அந்தக் குச்சிக்குத்தான் "தார்" என்று பெயர். நாள் முழுக்கத் தறி ஓட நாள் முழுக்கத் தார் வேண்டும். தார் தீர்ந்தால் தறி நிற்கும், தறி நின்றால் நைனாவின் வாய் ஓட ஆரம்பிக்கும். தார் சுற்றக் கூலிக்கு ஆள் வைத்திருந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. எங்கள் வீட்டில் அத்தை இருந்தாள்.

அவள் ஒருமுறை கல்யாணமாகி மதனப்பள்ளிக்குப் போனவள். அந்த ஊரில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிர் பல்லைக் கிட்டிவிடும் என்று சொல்லுவாள். அங்கே அடுத்த வீட்டில் குடியிருந்த நர்சம்மா ஒருவர் அவளுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்திருக்கிறார். கணவன் இன்னொருத்தியைக் கூட்டி வந்து அதே வீட்டில் வைத்தபோது, அத்தை ஒரு சண்டையும் போடாமல் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரிக்கு வந்துவிட்டாள். பெட்டியில் நான்கு புடவைகள், இரண்டு ஜோடி அலுமினியப் பின்னல் ஊசிகள், அவள் தனக்கென்று பின்னிக்கொண்ட ஒரு மஞ்சள் ஸ்வெட்டர். வந்த மறுநாளே தார் சுற்றும் ராட்டினத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை என்று அம்மா பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறாள். எழுந்திரு என்றும் யாரும் சொல்லவில்லை என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

நகரியின் வெயில் தெரிந்தவர்களுக்கு, அந்த ஊரில் உட்கார்ந்து ஒருத்தி கம்பளி பின்னுவது எவ்வளவு பெரிய வேடிக்கை என்று தெரியும். மதிய நேரத்தில் மின்சாரம் போய்த் தறிகள் நிற்கும்போது அத்தை ஊசிகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். போகிறவர் வருகிறவர் எல்லாம், "யாருக்கும்மா, எருமைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் அதே ஆட்கள் தங்கள் வீட்டுக் குழந்தைக்கு மலையில் மொட்டை போடும் நேரம் வந்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். திருமலையில் பனிக்காற்று வீசும் மாதத்தில் மழித்த தலையோடு ஒரு கைக்குழந்தையை எப்படி வெளியே தூக்கிவருவது? அதற்குக் குல்லா வேண்டும். அத்தை பின்னிக் கொடுப்பாள். குழந்தைக்கு நல்லது செய்ததாகச் சொல்லி வெற்றிலை பாக்கும் ஒரு வாழைப்பழமும் வைத்துக் கொடுப்பார்கள். அந்தப் பழத்தை நான் தின்பேன்.

குல்லாவுக்குக் கம்பளி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அது அத்தையின் மஞ்சள் ஸ்வெட்டரிலிருந்து வந்தது. முதலில் ஒரு கையைப் பிரித்தாள், பிறகு மற்றொரு கை, பிறகு முதுகு. பிரித்த கம்பளி சுருள்சுருளாக இருக்கும்; அதைத் தண்ணீரில் நனைத்து, முனையில் அம்மியின் குழவியைக் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் நேராகிவிடும். கம்பளி போதாத இடத்தில் புத்தூர் பேன்ஸி கடையில் கிடைக்கும் மெல்லிய ரோஜா நிறச் சரட்டை இரட்டையாகச் சேர்த்துக்கொள்வாள். இரண்டும் ஒரே தடிமன்தானா என்று பார்க்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். என் பென்சிலை வாங்கி, அதில் கம்பளியை நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்றுவாள்; பக்கத்திலேயே புது நூலையும் அதேபோல் சுற்றி, இரண்டும் பென்சிலில் ஒரே அகலத்துக்கு வருகிறவரை இழை கூட்டியோ குறைத்தோ சரிபார்ப்பாள். நான் பிறந்து வளர்ந்த தெருவில் மஞ்சள் குல்லா போடாத குழந்தை கிடையாது. அத்தையின் ஸ்வெட்டர் எங்கள் தெருக் குழந்தைகளின் தலைகளில் ஏறிக் காணாமல் போயிற்று.

டிசைன் தேர்ந்தெடுப்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழைய பேப்பர் கடையில் பெண்கள் பத்திரிகைகளைப் புரட்டி, பின்னல் படம் போட்ட பக்கங்களை மட்டும் கேட்டு வாங்கி வருவாள். ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் இருந்தது, கன்னம் சிவந்த வெள்ளைக்காரக் குழந்தைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சிரிக்கும் படங்களோடு. அதில் எழுதியிருந்த சுருக்க எழுத்துகள் அவளுக்கும் புரியாது, எனக்கும் புரியாது. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணி கண்ணியாக எண்ணி, நேர்க் கண்ணி எங்கே, எதிர்க் கண்ணி எங்கே என்று கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குப் பிடித்தது ஜடை டிசைன். மூன்று கண்ணியைக் கொண்டை ஊசியில் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த மூன்றை முன்னால் பின்ன வேண்டும். துணியின் மேல் கயிறு முறுக்கினதுபோல ஒரு ஜடை எழும்பி நிற்கும். "இது நூல நெறைய துன்னும் பாப்பா, ஆனா பாக்கறவன் கண்ணு இதவுட்டு நவுராது" என்பாள். கம்பளி பற்றாத வீட்டில் கம்பளி அதிகம் தின்கிற டிசைன் மேல்தான் அவளுக்கு ஆசை.

நான் நான்காம் வகுப்பு முடிக்கவிருந்த பங்குனி மாதத்தில், வடமாலபேட்டையிலிருந்து ஒரு டீச்சரம்மா பேரனுக்குக் குல்லா வாங்க வந்தார். தெலுங்குக்காரர். அத்தையின் கையைப் பார்த்துவிட்டு, திருப்பதியில் பெண் குழந்தைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் தையலும் பின்னலும் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்றார். படிப்பு பெரிதாக வேண்டாம், கை வேலை தெரிந்தால் போதும். மாதச் சம்பளம், சாப்பாடு, விடுதியிலேயே தங்க ஓர் அறை. பள்ளி திறப்பதற்குள் பத்து வயதுப் பெண்ணுக்குச் சரியாக இருக்கும்படி ஒரு கருநீல முழுக்கை ஸ்வெட்டர் பின்னி, அந்த அளவுள்ள பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து வார்டனிடம் காட்ட வேண்டும். இதை எல்லாம் அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, மோர் குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அத்தை ராட்டினத்தை நிறுத்திவிட்டு வந்து நின்று கேட்டாள். அவள் சொந்தமாக ஒரு கதவைச் சாத்திக்கொண்டு படுத்ததே கிடையாது. மதனப்பள்ளியில் கடைசிச் சில மாதங்கள் சமையலறையில் படுத்தாளாம். எங்கள் வீட்டில் நூல் மூட்டைகளுக்கு நடுவில். அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டாள், அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் இல்லையா என்று.

நைனா வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் நைனா எதையும் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை, அதைவிடக் கெட்டிக்காரர். அவர் லுங்கிக் கட்டுகளை எடுத்துக்கொண்டு வாரம் தவறாமல் திருப்பதிக்குப் போவார். கருநீலக் கம்பளி வாங்கி வருகிறேன் என்று தானாகவே சொன்னார். முதல் வாரம் கடை சாத்தியிருந்தது என்றார். அடுத்த வாரம் கடை இருந்தது, நிறம் இல்லை. அதற்கடுத்த வாரம், உல்லன் விற்கிற கடையே திருப்பதியில் இப்போது கிடையாதாம், மெட்ராஸுக்குத்தான் போக வேண்டுமாம். அத்தை ஒவ்வொரு முறையும் "சரிண்ணா" என்றாள். பங்குனி அப்படியே கழிந்துவிட்டது. அப்போதுதான் நைனா தறிக்கொட்டகைக்குள் போய்க் கருநீலச் சாயம் போட்ட "சிட்டம்" ஒன்றைத் தூக்கி வந்து அவள் மடியில் போட்டார். லுங்கிக்கு என்று வைத்திருந்த பருத்தி நூல் கட்டு அது. "ஊடு பூரா நூல வெச்சிக்கினு ஊரெல்லாம் நூலு தேடிக்கினு கீறோம். நெய்யிறவன் ஊட்ல நூலு வாங்கினா நாலு பேரு சிரிப்பான்" என்றார்.

பருத்தி நூலில் அத்தை அதுவரை பின்னியதில்லை. அவளுக்குச் சந்தேகம் இருந்தது. பென்சிலில் சுற்றிப் பார்த்து, கம்பளித் தடிமன் வருகிறவரை இழைகளை ஒன்றாகச் சேர்த்து, உள்ளங்கை அகலத்துக்குப் பின்னிப் பார்த்தாள். தடிமன் சரியாகத்தான் வந்தது. ஆனால் கம்பளியை இழுத்து விட்டால் தானாக உள்ளே வாங்கிக்கொள்ளும். இது இழுத்தால் இழுத்த இடத்திலேயே நின்றது. ஜடை எழும்பவில்லை, துவண்டு படுத்துக்கிடந்தது. அவள் அதைக் கொண்டுபோய் நைனாவிடம் காட்டினாள். நைனா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பாவு நூலுக்குப் போடுகிற மாதிரி கஞ்சி போடு, நிமிர்ந்து நிற்கும் என்றார். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. அது அறுபடாமல் விறைப்பாக நிற்க, அரிசிக் கஞ்சியில் தோய்த்துக் காயவைப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. அத்தை அப்படியே செய்தாள். கஞ்சி போட்ட நூல் காய்ந்து கம்பிபோல நின்றது. அதில் பின்னிய ஜடையும் கம்பிபோல நின்றது. அத்தையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் முன்னே பார்த்ததில்லை.

அடுத்த யோசனை அம்மாவுடையது. பருத்தித் துணி முதல் தண்ணீரில் சுருங்கும், எங்கள் தெருவில் இது குழந்தைக்கும் தெரியும். அதனால் ஒரு சாண் கூடவே பின்னு என்றாள். தறியில் நெய்த துணி சுருங்கும், ஊசியில் பின்னிய துணி அதே தண்ணீரில் நீளும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தது. அந்த உள்ளங்கை அகலத் துண்டை ஒருமுறை நனைத்திருந்தாலே போதும். ஆனால் நெசவு வீட்டில் வெளியே போகிற சரக்கை யாரும் நனைக்க மாட்டார்கள். கஞ்சி மொடமொடப்போடு போனால்தான் அது புதுத்துணி. தண்ணீர் பட்டுவிட்டால் பழசு. அந்த வழக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டாவது யோசனையே கிடையாது.

சித்திரை, வைகாசி முழுக்க அத்தை பின்னினாள். பகலில் தார் சுற்றுவது நிற்கவில்லை. நைனா அதில் ஒரு குச்சிகூடக் குறைக்கவில்லை. மின்சாரம் போகிற நேரமெல்லாம் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, பாதி முடிந்த முதுகை என் முதுகில் ஒட்டிப் பார்ப்பாள். நான் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்பேன். வேர்வை பட்டால் கஞ்சி இளகும் என்று என் முதுகைத் துண்டால் துடைத்துத் துடைத்து அளவெடுப்பாள். நூல் விறைப்பாக இருந்ததால் அவளுடைய ஆள்காட்டி விரலில் கோடுகோடாக வெட்டு விழுந்தது. முன்பக்கத்தில் இரண்டு ஜடைகள், கைகளில் ஒவ்வொன்று, கழுத்து அழகாக வெட்டினாற்போல் இறங்கும். முடித்துப் போட்டுப் பார்த்தபோது தெருவே வந்து பார்த்தது. அன்றைக்கு ஒருவரும் எருமையைப் பற்றிப் பேசவில்லை.

திருப்பதிக்கு நானும் அத்தையும் மட்டும் போனோம். புத்தூர், வடமாலபேட்டை வழியாகப் பேருந்து. ஸ்வெட்டரைக் கசங்காமல் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். இறங்கி நடக்கும்போது, நைனாவுடன் நான் ஏற்கெனவே வந்திருந்த தெரு வந்தது. எங்கள் லுங்கிகள் தொங்கிக்கொண்டிருந்த கடையை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டு, பெருமையாக அத்தைக்குக் காட்டினேன். அத்தை அந்தக் கடையைப் பார்க்கவில்லை. அதை ஒட்டின மாதிரி இருந்த அடுத்த கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலிலிருந்து உள்சுவர்வரை உல்லன் உருண்டைகள். சிவப்பு, பச்சை, வெள்ளை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வரிசை முழுக்கக் கருநீலம்.

"நைனா லுங்கி போடறது இந்தக் கடைக்கா பாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எப்பவும் இங்கதான் வருவாரா?" அதற்கும் ஆமாம் என்றேன். துண்டில் சுற்றியதை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "சரி வா, நேரமாவுது" என்று நடந்தாள். ஒரு கூடை பழத்தைக் காட்டிக் கேட்டால் வாங்கித் தருகிறவள்தான்; ஆனால் அன்று நான் கேட்டது எதுவும் அவள் காதில் விழவில்லை.

வார்டனம்மா நல்லவர்தான். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஸ்வெட்டரை எனக்குப் போட்டுப் பார்த்து, ஜடைகளைத் தடவிப் பார்த்து, இப்படிப்பட்ட கையைத் தான் பார்த்ததே இல்லை என்று தெலுங்கில் சொன்னார். எங்களுக்கு முன்பே வெதுருகுப்பத்திலிருந்து வந்து காத்திருந்த இன்னொரு பெண்ணின் ஸ்வெட்டர் மேஜைமேல் கிடந்தது; உல்லனில் பின்னிய, ஒரு டிசைனும் இல்லாத மொட்டை ஸ்வெட்டர். அத்தை அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். வார்டனம்மா துணியை இரு விரலால் நெருடி, மூக்கருகே கொண்டுபோய், இது என்ன நூல் என்று கேட்டார். அத்தை மறைக்கவில்லை. எங்கள் சொந்தத் தறி நூல், நாங்களே கஞ்சி போட்டது என்று சொன்னாள். இங்கே பெண்கள் தங்கள் துணியைத் தாங்களே துவைக்கிறவர்கள், அதனால் ஒரு தண்ணீர் பார்த்துவிடலாம் என்றார் வார்டனம்மா. இரண்டு ஸ்வெட்டர்களையும் இரண்டு வாளிகளில் நனைத்தார்கள்.

எங்கள் வாளியில் தண்ணீர் கழனித் தண்ணீர்போல வெளுத்தது, அதன்மேல் நீலம் ஓடியது. அத்தை குனிந்து ஸ்வெட்டரைத் தூக்கினாள். தூக்கத் தூக்க அது வந்துகொண்டே இருந்தது. பிழிந்து வேப்பமரத்தடிக் கொடியில் போட்டார்கள். மொட்டை ஸ்வெட்டர் போட்டபடி இருந்தது. எங்களுடையது நீர் வடிய வடியத் தன் கனத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். அத்தை சாப்பிடவில்லை, இலையின் முன் உட்கார்ந்து கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்த பிறகு அதை எடுத்து எனக்கு மாட்டினார்கள். கைகள் விரல் நுனியைத் தாண்டித் தொங்கின. விளிம்பு முழங்காலுக்குக் கீழே கிடந்தது. அத்தனை பாடுபட்டு எழுப்பிய ஜடைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. விடுதிப் பெண்கள் சன்னலோரம் நின்று சிரித்தார்கள். அம்மா சொல்லிக் கூட்டிய அந்த ஒரு சாண், தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

வேலை வெதுருகுப்பத்துப் பெண்ணுக்குப் போயிற்று. உங்கள் கை நல்ல கை, ஆனால் எந்த நூலில் எதைப் பின்னலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரத்தானே ஆள் தேடுகிறோம் என்று வார்டனம்மா மெதுவாகச் சொன்னார். உல்லன்தான் என்று அத்தைக்கு முதல் நாளே தெரியும். தெரிந்ததைக் கேட்டு வாங்கித் தர ஆள் இல்லை, அவ்வளவுதான். இதை அந்த அம்மாளிடம் அவள் சொல்லவில்லை. அண்ணனை ஊரார் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை அந்தக் காலத்துத் தங்கைகளுக்கு எல்லா வீட்டிலும் ஊட்டி வளர்த்திருந்தார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார், நான்தான் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. ரசத்தைப் பிசைந்துகொண்டே, "நல்லதாப் போச்சி வுடு. நீ பூட்டா இங்க தாரு யாரு சுத்துவாங்க?" என்றார்.

அத்தை செம்பில் தண்ணீர் மொண்டு அவர் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, "நம்ம லுங்கிக் கடைக்கு பக்கத்துலயே உல்லன் கட கீதுண்ணா" என்றாள்.

"கீது" என்றார் நைனா. "அதுக்கு இன்னா இப்போ?"

அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதை நான் பார்த்தேன், பார்த்ததை மறக்க முடியவில்லை. பல வருடம் கழித்து அவளிடமே கேட்டேன். தனக்கு அப்போதே மூட்டுவலி, அத்தை போயிருந்தால் ராட்டினத்தின் முன்னால் தான்தானே உட்கார வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னாள். இந்த நேர்மைக்காக அம்மாவைப் பாதி மன்னித்தேன். நைனாவை மன்னிக்கும் யோசனை எனக்கு வந்ததில்லை.

மறுநாள் நைனா கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தார், அந்த நூலை வீணாக்க வேண்டாம், பிரித்துத் தாரில் ஏற்று என்று. அத்தை பிரித்தாள். கண்ணி கண்ணியாகப் பிரித்து, சேர்த்த இழைகளைத் திரும்பவும் தனித்தனி இழையாக்கி, சிக்கெடுத்து, ராட்டினத்தில் ஏற்றித் தாராகச் சுற்றினாள். பின்னுவதற்கு ஒரு கோடைகாலம் ஆயிற்று. பிரிக்க அந்த வாரமே போதுமாக இருந்தது. அந்தத் தார்கள் தறிக்குப் போயின. கருநீல லுங்கிகளாக வெளியே வந்தன. கட்டி, அடுக்கி, அதே திருப்பதிக் கடைக்கு நைனா எடுத்துப்போனார். எந்த ஊரில் எந்த மனிதன் அத்தையின் அறையை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தானோ தெரியாது.

அதன் பிறகு யார் குல்லா கேட்டு வந்தாலும், கம்பளி இல்லை என்று அத்தை சொல்லிவிடுவாள். அது பொய் இல்லை. மஞ்சள் ஸ்வெட்டர் முழுவதும் தீர்ந்திருந்தது. தறிகள் ஓடிய காலம்வரை அவள் தார் சுற்றினாள். ஊரில் சிலர் நைனாவிடம், கூடப்பிறந்தவளைக் கடைசிவரை வைத்துச் சோறு போடுகிறாயே, உனக்குப் புண்ணியம் என்று சொல்லுவார்கள். நைனா அடக்கமாகத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது அந்தத் தறிகள் இல்லை. இரும்பு விலைக்கு எடைபோட்டு எடுத்துப்போனார்கள். கொட்டகை இருந்த இடத்தில் தண்ணீர் கேன் நிரப்புகிறார்கள். ராட்டினம் எந்த அடுப்பில் எரிந்தது என்று யாருக்கும் நினைவில்லை. அம்மா போய்விட்டாள். திருப்பதியில் அந்த உல்லன் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். கம்பளி வேண்டுமென்றால் யாரையும் நம்பி உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. போனில் நிறத்தைத் தொட்டால் சித்தூரில் என் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. நைனாவும் அத்தையும் இப்போது என்னோடுதான் இருக்கிறார்கள். அத்தைக்கு உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை கொடுத்திருக்கிறேன். இவ்வளவு காலம் கழித்துக் கொடுத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் வீடியோக்களைக் காட்டி, கம்பளியும் வரவழைத்துக் கொடுத்தபோது, அத்தை பத்து நிமிடம்கூடத் தடுமாறவில்லை. எங்கள் குடியிருப்பில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இப்போது அவள்தான் பின்னிக் கொடுக்கிறாள், அதுவும் நல்ல உல்லனில், ஜடை வைத்து.

நைனாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த அறையில் ஏசி போட்டு வைத்திருப்பார்கள். படுத்திருக்கும் நான்கு மணி நேரமும் உடம்பு வெடவெடவென்று ஆடும். போன மார்கழியில் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், நேராகத் தன் அறைக்குப் போகாமல் அத்தையின் அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பின்னால் நின்றிருந்தேன். அவர் கேட்ட குரலில் பழைய நைனா கொஞ்சமும் இல்லை.

"தேவகி, குளுரு தாங்க முடிலமா. எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடேன்."

அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூடை, கூடை நிறைய வெள்ளைக் கம்பளி. மூன்றாவது மாடியில் பிறந்த குழந்தைக்குப் பாதி முடித்த சட்டை, ஊசிகளோடு அவள் மடியிலேயே கிடந்தது. அதை அவள் முந்தானையால் மூடவில்லை, நகர்த்தி வைக்கவும் இல்லை. அண்ணன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குப் பின்னல் மறந்துபோச்சிண்ணா" என்றாள்.

நைனா அவள் மடியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்தபடியே தன் அறைக்குப் போய், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாள் நான் கடைத்தெருவுக்குப் போய் மெஷினில் செய்த ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வந்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார். போட்டுக்கொண்டும் குளிர்கிறது என்கிறார்.